ஆர்எஃப்இ வந்த பிறகு: ஆராய்ச்சியாளரின் ஐ-140 மனுவுக்குப் பதில் எழுதுவது எப்படி

அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பணியில் இருப்பவர் வேலை வழியில் கிரீன் கார்டு கேட்கும்போது முதல் படி ஐ-140 மனு. கொடுத்த சான்று போதவில்லை என்று, இந்த மனுக்களைப் பரிசீலிக்கும் குடியேற்ற அமைப்பான யுஎஸ்சிஐஎஸ்ஸின் அதிகாரிக்குப் பட்டால், மறுப்பதற்கு முன் கூடுதல் சான்று கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். அதுதான் ஆர்எஃப்இ. வந்த கையோடு பலரும் இன்னும் நாலு பரிந்துரைக் கடிதம், இன்னும் இருநூறு பக்கம் என்று சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். காகிதம் குறைந்து தோற்கும் ஆராய்ச்சியாளர் மனு அரிது. கொடுத்த சான்று சட்டத்தின் எந்த வாசகத்தை எப்படி நிரூபிக்கிறது என்று எழுதாமல் விட்டதால் தோற்றவையே அதிகம். பதில் எழுதும் வேலையில் முக்கால்வாசி அந்த இணைப்பை எழுதுவதுதான்.

எந்த வழியில் மனுப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து ஆர்எஃப்இயின் கேள்வி மாறும். இபி-1ஏ தனித்திறன் பிரிவு. நிறுவனம் தேவையில்லை, நீங்களே போடலாம். நோபல் போன்ற ஒரு பெரும் பரிசு கையில் இல்லாதவர் விதியில் உள்ள பத்து அளவுகோல்களில் மூன்றையாவது காட்ட வேண்டும். இபி-1பி சிறந்த பேராசிரியர், ஆராய்ச்சியாளர் பிரிவு. அதை நிறுவனம்தான் போட வேண்டும். ஆறில் இரண்டு அளவுகோல், மூன்றாண்டு அனுபவம், நிரந்தர வேலைக்கான கடிதம் வேண்டும். மூன்றாவது, இபி-2இல் வரும் தேசிய நலன் விலக்கு. என்ஐடபிள்யூ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இதிலும் நிறுவனம் வேண்டாம், 'பெர்ம்' என்ற தொழிலாளர் சான்றிதழும் வேண்டாம்.

இந்தியாவில் பிறந்தவர்கள் என்ஐடபிள்யூ கையில் இருந்தும் இபி-1ஏவுக்கு ஏன் முட்டி மோதுகிறார்கள் என்பதற்குக் காரணம் கிரீன் கார்டு வரிசை. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் இபி-2இல் இந்தியாவுக்கான காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டிவிட்டது. இபி-1இலும் வரிசை உண்டு, ஆனால் வெகுவாகக் குறைவு. பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு இந்திய வரிசை பொருந்தாது. கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் கணக்கிலும் சேரலாம். ஒரு மனு அனுமதியானால் அதன் முன்னுரிமைத் தேதியை, அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதியை, அடுத்த மனுவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதால், முதலில் என்ஐடபிள்யூ, பின்னர் இபி-1ஏ என்று போடுவது நல்ல உத்தி.

நோட்டீஸை முதலில் பிரித்துப் படியுங்கள்

ஆர்எஃப்இ எட்டுப் பத்துப் பக்கம் இருக்கும். அதில் பெரும்பகுதி அச்சில் வார்த்த வாசகம்: விதியின் பத்தி, "இவற்றை அனுப்பலாம்" என்ற நீண்ட பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ள அத்தனையையும் அனுப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் தேட வேண்டியது, உங்கள் ஆவணத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அதற்குக் கீழே அதிகாரி சொந்தமாக எழுதிய இரண்டு மூன்று வாக்கியங்களை. "கடிதங்கள் மனுதாரரைப் பாராட்டுகின்றன, ஆனால் அவருடைய பணி துறையில் என்ன மாற்றத்தை ஏற்படுத்தியது என்று விளக்கவில்லை" என்கிற மாதிரி வரும். கேள்வி அதுதான். அந்த வாக்கியங்களை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் பதிலையும் அதற்கான இணைப்பு எண்ணையும் போட்டால் பதிலின் எலும்புக்கூடு தயார். அதிகாரி ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன அளவுகோலுக்கு மறுபடி வாதாட வேண்டாம். ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

கெடு விஷயத்தில் இரக்கம் கிடையாது. ஆர்எஃப்இக்கு விதி தரும் உச்ச அவகாசம் 12 வாரம், அதாவது 84 நாள். தபாலில் வந்தால் 3 நாள் கூடும். நீட்டிப்பு இல்லை. மறுக்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லும் நோட்டீஸ் வேறு வகை. அதற்கு 30 நாள்தான் உச்சம். கெடு நாளுக்குள் பதில் அலுவலகத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்றைக்குத் தபாலில் போட்டேன் என்பது செல்லாது. அனுப்புவதும் ஒரே தடவைதான்: ஒரு பகுதியை இப்போது, மீதியைப் பிறகு என்று அனுப்பினால், முதலில் வந்ததை வைத்தே முடிவெடுக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். பதிலே போகாவிட்டால் மனுவைக் கைவிட்டதாகக் கருதி மறுப்பார்கள். கூடுதல் கட்டணம் கட்டி விரைவாக முடிவு கேட்கும் ப்ரீமியம் பிராசஸிங்கில் போட்டிருந்தால் ஆர்எஃப்இயோடு கடிகாரம் நின்றுவிடும். பதில் சேர்ந்த நாளிலிருந்து இபி-1ஏ, இபி-1பிக்கு 15 வேலைநாளும் என்ஐடபிள்யூவுக்கு 45 வேலைநாளும் புதிதாக ஓடும். பதிலுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

மனுப் போட்ட நாள் என்னும் கோடு

தகுதி, மனுத் தாக்கல் செய்த நாளிலேயே இருந்திருக்க வேண்டும். 1971இல் கட்டிக்பாக் என்ற குடியேற்ற வழக்கில் வந்த தீர்ப்பிலிருந்து இது மாறவில்லை. ஜனவரியில் மனு, மார்ச்சில் ஒரு பெரிய இதழில் கட்டுரை, ஏப்ரலில் ஆர்எஃப்இ என்றால், பதிலில் அந்த மார்ச் கட்டுரையை முன்னால் நிறுத்துவது வீண். அதைவிட மோசம், "மனுப் போட்டபோது தகுதி இல்லை, இப்போதுதான் வந்தது" என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இங்கே பலர் எதிர்ப்பக்கமும் தவறுகிறார்கள். மனுவுக்குப் பிந்தைய தேதியிட்ட தாள் எதுவுமே செல்லாது என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். தாளின் தேதி வேறு, அது சொல்லும் விஷயத்தின் தேதி வேறு. மனுவுக்கு முந்தைய ஆண்டே ஒரு ஆய்வகம் உங்கள் முறையைப் பயன்படுத்தத் தொடங்கியது என்று இன்று கையெழுத்திட்ட கடிதம் தாராளமாகச் செல்லும். என்ஐடபிள்யூவிலும் இதே கோடுதான்: சொன்ன ஆராய்ச்சித் திட்டத்தை விளக்கலாம், விவரம் சேர்க்கலாம், கேள்விக்குப் பயந்து திட்டத்தையே வேறாக மாற்றினால் அது புது மனுவுக்குரிய விஷயம்.

சண்டை நடக்கும் இடம்: 'பெரும் முக்கியத்துவம்'

ஆராய்ச்சியாளர் போடும் இபி-1ஏ மனுவில் மூன்று அளவுகோல்கள் வழக்கமாக வரும்: பிறர் பணியை மதிப்பிட்டது, ஆய்வுக் கட்டுரை எழுதியது, துறைக்குப் பெரும் முக்கியத்துவம் வாய்ந்த அசல் பங்களிப்பு செய்தது. முதல் இரண்டும் பெரும்பாலும் சிக்கலின்றிக் கிடைக்கும். மதிப்பிட அழைப்பு வந்ததைக் காட்டினால் மட்டும் போதாது, மதிப்பீட்டை முடித்ததைக் காட்ட வேண்டும். இதழாசிரியரின் நன்றி மின்னஞ்சலோ இதழ் தளத்தின் பதிவோ இருந்தால் சரி. ஆகவே மூன்றாவதில்தான் மனு நிற்கிறது அல்லது விழுகிறது.

'அசல்' என்பதை நிரூபிப்பது எளிது. வெளியான கட்டுரையே, காப்புரிமையே அதற்குச் சாட்சி. 'பெரும் முக்கியத்துவம்' அதிலிருந்து தானாக வந்துவிடாது. காப்புரிமை வாங்கியது அசல் என்பதைக் காட்டும். அதை ஒரு நிறுவனம் உரிமம் பெற்றுப் பயன்படுத்துவதுதான் முக்கியத்துவத்தைக் காட்டும். மானியம் கிடைத்ததும் அப்படியே: செய்யப் போகும் வேலைக்குக் கொடுத்த பணம் அது, செய்து முடித்ததன் விளைவு ஆகாது. இந்த இடைவெளியைத்தான் அதிகாரி ஆர்எஃப்இயில் சுட்டுகிறார்.

அதை அடைக்க ஒரு வழி இருக்கிறது. எல்லாக் கட்டுரைகளையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இரண்டு அல்லது மூன்று பங்களிப்புகளைத் தேர்ந்தெடுங்கள். மின்கலத்துக்கான மின்பகு திரவத்தில் ஒரு சேர்மத்தைச் சேர்த்து ஆயுளை நீட்டும் முறையைக் கண்டறிந்தவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இணைப்பு இப்படி அமைய வேண்டும்: முதலில் அவருடைய கட்டுரையின் முதல் பக்கம். அடுத்து, வேறொரு நாட்டுக் குழுவின் கட்டுரையில் முதல் பக்கமும், அவருடைய பணியை எண்ணிட்டுச் சுட்டும் பக்கமும், மேற்கோள் பட்டியலில் அந்த எண் வரும் பக்கமும். சுட்டும் கட்டுரைக்கு மூன்றே தாள். சுட்டும் வாக்கியத்தின் ஓரத்தில் பேனாவால் கட்டம். ஹைலைட்டர் அடித்தால் ஸ்கேன் செய்யும்போது சில சமயம் எழுத்தே கறுத்துவிடும். பதில் கடிதத்தில் ஒரு பத்தி: இந்தக் குழு இந்த முறையை எடுத்துத் தங்கள் கலத்தில் பயன்படுத்தியது, கிடைத்த பலன் இன்னது, அந்தக் குழுவில் மனுதாரருடன் இணைந்து எழுதியவர் யாரும் இல்லை. இப்படி ஐந்தாறு இருந்தால் 600 சைட்டேஷனின் (பிறர் கட்டுரைகள் சுட்டியதன்) வெறும் பட்டியலைவிட அதிகம் பேசும். "பார்க்க [14–22]" என்று ஒன்பது கட்டுரைகளில் ஒன்றாகக் கும்பலாகச் சுட்டப்பட்டதை இங்கே வைக்காதீர்கள். அதிகாரி அதையும் படிப்பார்.

எண்ணிக்கையும் தேவைதான், ஒப்பீட்டோடு. 400 சைட்டேஷன் கணிதத்தில் ஒரு கதை, மூலக்கூறு உயிரியலில் வேறு கதை. ஆய்வுத் தரவு நிறுவனமான கிளாரிவேட்டின் எசென்ஷியல் சயன்ஸ் இண்டிகேட்டர்ஸ், 22 துறைகளுக்கு ஆண்டுவாரியாக, மேல் 1 சதவீதம், 10 சதவீதம் என்று எத்தனை சைட்டேஷன் வேண்டும் என அட்டவணை தருகிறது. பெரும்பாலான மனுக்களில் இது இருக்கும்; பெரும்பாலானவற்றில் ஒரே ஓட்டையும் இருக்கும். கூகுள் ஸ்காலரின் எண்ணை எடுத்து கிளாரிவேட்டின் அளவோடு ஒப்பிட்டிருப்பார்கள். ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு எல்லாவற்றையும் எண்ணுகிறது. கிளாரிவேட்டின் தரவுத்தளமான வெப் ஆஃப் சயன்ஸ் தன் தொகுப்பில் உள்ளவற்றை மட்டும் எண்ணுகிறது. ஒரு தராசில் நிறுத்துவிட்டு இன்னொரு தராசின் படிக்கல்லைக் காட்டுவது போல அது. வெப் ஆஃப் சயன்ஸின் எண்ணை எடுங்கள், சொந்தச் சைட்டேஷனைக் கழித்துக் காட்டுங்கள், எந்தத் துறை அட்டவணை என்று சொல்லுங்கள். எண் குறையும், பரவாயில்லை, நிற்கும்.

பலவீனமான அளவுகோல்களைப் பதிலில் விட்டுவிடுவதே நல்லது. சந்தா கட்டினால் கிடைக்கும் சங்க உறுப்பினர் அட்டையும், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி) சம்பளத்தை 'உயர் ஊதியம்' என்று வாதிடுவதும் மற்ற வாதங்களின் நம்பகத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

கடிதங்கள்

பரிந்துரைக் கடிதம் என்றாலே புகழுரை என்று ஆகிவிட்டது. "அபாரமான திறமையாளர், இவரைப் போல் மேல் ஒரு சதவீதத்தில் சிலரே" என்ற வரிக்கு மதிப்பு சுழியம். விவரமின்றி உயர்வுநவிற்சி மட்டும் கொண்ட கடிதங்கள் வலுச் சேர்க்காது என்று யுஎஸ்சிஐஎஸ் தன் கொள்கைக் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஒரு நல்ல கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எழுதுபவருக்கு உங்கள் பணி எப்படித் தெரியும், உங்களுக்கு முன் துறையில் என்ன முடியாமல் இருந்தது, உங்கள் முடிவை வைத்து அவரோ அவருக்குத் தெரிந்தவரோ என்ன செய்தார். மூன்றாவது இல்லாத கடிதத்தைத் திருப்பி அனுப்பி எழுதி வாங்குங்கள். அவர் எத்தனை பெரிய பேராசிரியராக இருந்தாலும்.

ஆர்எஃப்இ நிலையில் புதுக் கடிதம் வாங்குவதானால், உங்களைச் சைட் செய்தவர்களில் ஒருவரைக் கேளுங்கள். வழிகாட்டியின் மூன்றாவது கடிதத்தால் பயனில்லை. நீங்களே வரைவு எழுதிக் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். ஆனால் ஐந்து கடிதத்திலும் ஒரே சொற்றொடர், ஒரே எழுத்துப்பிழை வந்தால் அதிகாரி அதை நோட்டீஸிலேயே மேற்கோள் காட்டுவார். மறுமொழி வர மூன்று நாலு வாரம் ஆகும் என்பதால் முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

மூன்று கிடைத்தாலும் முடியவில்லை

2010இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கசாரியன் வழக்கில் தீர்ப்பளித்தது. மனுதாரர் ஒரு கோட்பாட்டு இயற்பியலாளர். கட்டுரை எழுதியதை ஏற்க, அதற்குத் துறையின் வரவேற்பையும் காட்டு என்று அதிகாரிகள் கேட்டது விதியில் இல்லாத நிபந்தனை என்றது நீதிமன்றம். ஆனாலும் அவர் வெல்லவில்லை; இரண்டு அளவுகோல்தான் தேறியது. அதே ஆண்டு டிசம்பரில் யுஎஸ்சிஐஎஸ் இந்தத் தீர்ப்பை வைத்து இரண்டு படி முறையைக் கொண்டுவந்தது: முதல் படியில் அளவுகோல்களை எண்ணுவது, இரண்டாவதில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, துறையின் உச்சியில் இருக்கும் சிறு சதவீதத்தில் இவர் ஒருவரா, தொடர்ந்த புகழ் உண்டா என்று தீர்மானிப்பது.

இரண்டாம் படிக்கு ஒரு பக்கம்கூட எழுதாமல் விடுவது பெருந்தவறு. அளவுகோலுக்குச் சொன்னதை அங்கே மறுபடி சொல்வதும் உதவாது. அங்கே கேள்வி ஒப்பீடு பற்றியது, அதுவும் உங்கள் வயதுக்காரர்களோடு அல்ல. "போஸ்ட்டாக்குகளில் இவர் முன்னணி" என்று கடிதம் சொன்னால் அதிகாரி அதையே எதிராக எடுத்துக்கொள்வார். ஒப்பிட வேண்டியது துறை முழுவதோடு. இதழின் தரவரிசை, கேட்காமல் வந்த மாநாட்டு அழைப்பு, பல இதழ்களிலிருந்து தொடர்ந்து வந்த மதிப்பீட்டு வேலை, ஆண்டுவாரியாக ஏறும் சைட்டேஷன் வரைபடம் எல்லாம் இங்கே வேலை செய்யும். நிரூபிக்க வேண்டிய அளவு, உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுதான். யுஎஸ்சிஐஎஸ்ஸின் மேல்முறையீட்டு அலுவலகம் 2010இல் தந்த சாவாத்தே முடிவு அதைச் சொல்கிறது. பதிலின் தொடக்கத்தில் அதை ஒரு வரி நினைவூட்டலாம்.

என்ஐடபிள்யூவின் கேள்வி வேறு

இதற்கு அதே மேல்முறையீட்டு அலுவலகம் 2016 டிசம்பரில் தந்த தனசார் முடிவுதான் ஆதாரம். மூன்று கூறு: எடுத்த முயற்சிக்கு உண்மையான மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா, அதை முன்னெடுக்கும் நிலையில் மனுதாரர் இருக்கிறாரா, நிறுவனத்தின் வேலை அழைப்பும் தொழிலாளர் சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனையை விலக்குவது மொத்தத்தில் நாட்டுக்கு நன்மையா. ஆர்எஃப்இ பெரும்பாலும் முதல் கூறில் வருகிறது. காரணம், மனுதாரர் துறையின் முக்கியத்துவத்தை எழுதியிருப்பார்: புற்றுநோய் பெரிய பிரச்சினை, செயற்கை நுண்ணறிவு எதிர்காலம். அதிகாரி கேட்பது உங்கள் குறிப்பிட்ட முயற்சியின் முக்கியத்துவத்தை.

அந்த முடிவுக்குள்ளேயே இதற்கு அழகான உதாரணம் இருக்கிறது. மனுதாரர் அதிவேக விமான உந்துவிசையில் ஆராய்ச்சி செய்தவர், பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தியவர். ஆராய்ச்சிக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்றார்கள். அறிவியல், பொறியியல் கற்பிப்பதற்கு மதிப்பு உண்டு என்றாலும், அவருடைய கற்பித்தல் வகுப்பறையைத் தாண்டி அந்தக் கல்வித் துறையையே பாதிக்கும் என்று காட்டவில்லை என்று அந்தப் பகுதியைத் தள்ளினார்கள். ஜெயித்த மனுவிலேயே பாதி ஏற்கப்படவில்லை! ஆகவே பதிலில் "என்ன செய்யப் போகிறேன், அதன் முடிவை யார் எடுத்துக்கொள்வார்கள், எந்த வழியாக" என்று இரண்டு பக்கத் திட்டம் வேண்டும். அமெரிக்காவில் இந்தத் துறையில் ஆள் பற்றாக்குறை என்ற வாதம் இங்கே எடுபடாது. பற்றாக்குறையைக் கவனிக்கத்தானே தொழிலாளர் சான்றிதழ் இருக்கிறது. இரண்டாம் கூறுக்கு, மானியத்தில் உங்கள் பங்கைக் காட்டும் தாள் வலுவானது. தனசாரிலும் அரசு நிதி பெற்ற ஆராய்ச்சியில் மனுதாரரின் பங்கு பெரிதாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இபி-1பியில் வரும் ஆர்எஃப்இ பெரும்பாலும் அலுவலகச் சிக்கல். வேலைக் கடிதம் யுஎஸ்சிஐஎஸ்ஸின் பெயருக்கு இருக்கும். அது ஆராய்ச்சியாளரின் பெயருக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓராண்டு ஒப்பந்தம் என்றால் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் என்ற எதிர்பார்ப்பைக் கடிதம் சொல்ல வேண்டும். தனியார் நிறுவனம் என்றால் முழுநேர ஆராய்ச்சியாளர் மூவராவது இருப்பதையும், சம்பளம் கொடுக்கும் நிதிநிலையையும் காட்ட வேண்டும். முனைவர் பட்ட காலத்து ஆராய்ச்சியை மூன்றாண்டில் சேர்ப்பதானால், பட்டம் முடித்திருக்க வேண்டும். அந்த ஆராய்ச்சி துறையில் சிறந்ததாக அறியப்பட்டதையும் காட்ட வேண்டும்.

பெயர், மொழிபெயர்ப்பு, கட்டு

நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை பெயர். தமிழ்நாட்டுப் பட்டச் சான்றில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், கட்டுரையில் இரண்டும் இடம் மாறியிருக்கும். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விசாவில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது) என்றும் வரும். அதிகாரிக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். எந்தப் பெயர் எந்த ஆவணத்தில் எப்படி வருகிறது, ஏன் என்று ஒரு பக்க அட்டவணை போட்டு, ஆர்சிட் என்ற ஆராய்ச்சியாளர் அடையாள எண்ணின் பதிவையும் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் உள்ள பக்கத்தையும் இணையுங்கள். தமிழில் உள்ள சான்றிதழ், செய்தித்தாள் நறுக்கு எதுவானாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது முழுமையானது, சரியானது, தனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் கட்டாயம். சுருக்கம் செல்லாது.

கட்டின் மேல் ஆர்எஃப்இ நோட்டீஸின் அசல் இருக்க வேண்டும். அதன் கீழே பதில் கடிதம், இணைப்புப் பட்டியல், இணைப்புகள். முதல் மனுவின் இணைப்பு எண் 40இல் முடிந்திருந்தால் புதியவை 41இல் தொடங்கட்டும். பழைய இணைப்பில் முக்கியமான தாள்களை மறுபடி வைத்துவிடுங்கள். தேடி எடுக்கச் சொல்வதில் லாபமில்லை. சுருள் கம்பி பைண்டிங் வேண்டாம், ஒற்றைப் பக்க அச்சு போதும். நோட்டீஸில் உள்ள முகவரிக்குக் கூரியரில் அனுப்பிச் சேர்ந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்குப் பிறகும் மறுத்தால் 30 நாளுக்குள், தபாலில் வந்திருந்தால் 33 நாளுக்குள், ஐ-290பி படிவத்தில் மேல்முறையீடு செய்யலாம், மறுபரிசீலனை கேட்கலாம். அதிகாரி சட்டத்தைத் தவறாகப் பொருத்தியிருந்தால் அது சரியான வழி. சான்று பலவீனம் என்றால், மனுவுக்குப் பிந்தைய கட்டுரைகளையும் சேர்த்துப் புது மனுப் போடுவதே மலிவு, வேகம். எத்தனை தடவையும் போடலாம். மறுக்கப்பட்ட மனுவின் முன்னுரிமைத் தேதி போய்விடும். அதோடு சேர்த்துப் போட்ட கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485ம் விழும். இபி-1ஏ மட்டும் மறுக்கப்பட்டு, முன்பே அனுமதியான என்ஐடபிள்யூ இருந்தால் அதன் தேதிக்கு ஒன்றும் ஆகாது. ஹெச்-1பி வேலை விசாவை ஆறாண்டைத் தாண்டி மும்மூன்று ஆண்டாக நீட்டிக்கவும் அதுவே உதவும். புது ஐ-140 படிவத்தில் முன்பு மனுப் போட்டதுண்டா என்ற கேள்வி வரும். பழைய கோப்பு அவர்கள் கையில் இருப்பதால், முந்தைய ஆர்எஃப்இயில் கேட்ட கேள்விகளுக்கு யாரும் கேட்கும் முன்பே புது மனுவின் கடிதத்தில் பதில் எழுதிவிட வேண்டும்.